கமுதிக் கோட்டையும் ஹைடல்பெர்க் கோட்டையும்

"ஜெர்மனி போயிட்டு வந்தீங்களே, மலருக்கு ஒரு பயணக் கட்டுரை கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நம் கல்லூரி மெக்கானிக்கல் பிரிவில் 2011ல் முடித்துவிட்டு, கோயம்புத்தூரில் பம்ப் தொழிலில் இருப்பவன் நான். 2019ல் மன்ஹைம் நகரத்துக்குப் பக்கத்தில் ஆறு வாரம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே வருடக்கணக்காகக் குடியிருக்கும் நம் சீனியர்கள் பலர் உண்டு. அவர்கள் இருக்க, ஆறு வாரக்காரன் ஜெர்மனியைப் பற்றி எழுதுவது சரியாக இருக்காது. எனவே அங்கே பார்த்த ஒரு கோட்டையைச் சொல்லிவிட்டு, நம் சீமைக் கோட்டைக்கு வந்துவிடுகிறேன். வரலாற்று மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கணக்குப் பார்க்கும் புத்தி நடுவில் தலை காட்டும்.

ஹைடல்பெர்க் நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஊர். பல்கலைக்கழகம் 1386ல் ஆரம்பித்தது. அங்கேயுள்ள தெற்காசிய ஆய்வு நிறுவனத்தில் வெள்ளைக்கார மாணவர்கள் தமிழ் இலக்கணம் படித்திருக்கிறார்கள் என்பது நமக்குச் சந்தோஷமான செய்தி. ஊருக்கு மேலே மலைச்சரிவில் செந்நிறக் கல்லில் கோட்டை நிற்கிறது. கோட்டை என்றால் முழுக் கோட்டை இல்லை. கூரையில்லாத மாளிகைகள், வானம் தெரியும் ஜன்னல்கள், பாதியாகப் பிளந்து அகழிக்குள் சரிந்து கிடக்கும் ஒரு கோபுரம். அந்தக் கோபுரத்துச் சுவரின் கனம் ஆறு மீட்டருக்கு மேல். 1689லும் 1693லும் பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயியின் படைகள் வெடிமருந்து வைத்துத் தகர்த்தவை இவை. மிச்சத்தையும் 1764ல் இடி விழுந்து தீ தின்றது. அரசகுடும்பம் அதற்கு முன்பே, 1720ல், தலைநகரை மன்ஹைமுக்கு மாற்றிக்கொண்டது. ஆளில்லாத கோட்டைக்கு என்ன நடக்கும்? ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கல் எடுத்துப் போனார்கள்.

என்னை அங்கே அதிக நேரம் நிற்க வைத்தது தோட்டம். ஐந்தாம் பிரெடரிக் என்ற இளம் அரசர் இங்கிலாந்து ராஜகுமாரி எலிசபெத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். மனைவிக்காக 1614 வாக்கில் மலைச்சரிவை வெட்டிப் படிப்படியாகத் தளம் அமைத்துத் தோட்டம் போடத் தொடங்கினார். வேலையை ஒப்படைத்தது சாலமன் டெ கோ என்ற பிரெஞ்சுக்காரரிடம். அந்த மனிதர் தோட்டக்காரர் மட்டும் அல்ல, தண்ணீர் எஞ்சினியர். நீரூற்று, தண்ணீரால் பாடும் வாத்தியம் என்று திட்டம் போட்டவர். 1615ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், மூடிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதன் வேகத்தால் மேலே பீச்சும் ஓர் அமைப்பு விளக்கப்பட்டிருக்கிறது. நியூகாமன் எஞ்சினுக்கு ஏறத்தாழ நூறு வருஷம் முந்தியது. பம்ப் விற்றுப் பிழைக்கிற நான் அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். தோட்டம் முடியவேயில்லை. 1619ல் பிரெடரிக் பொஹீமியாவின் ராஜா பட்டம் வாங்கப் பிராகு நகரம் போனார். 1620 நவம்பரில் ஒரே சண்டையில் எல்லாவற்றையும் இழந்தார். முப்பதாண்டுப் போர் தோட்டத்தை விழுங்கிவிட்டது. தளங்கள் மட்டும் இன்றைக்கும் இருக்கின்றன.

பக்கத்து ஊர் ஸ்வெட்சிங்கனில் முழுசாகவே ஒரு தோட்டம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அதன் நடுவே ஒரு மசூதி கட்டியிருக்கிறார்கள், தொழுகைக்காக இல்லை, அழகுக்காக. கீழ்த்திசை நாடுகள் மேல் அந்தக் காலத்துப் பிரபுக்களுக்கு இருந்த மோகம் அது.

பயிற்சி கொடுத்த ஜெர்மானியர் என்னிடம், "உங்கள் ஊரில் கோட்டை உண்டா?" என்று கேட்டார். "ஊர்ப் பெயரே கோட்டைதான். மல்லிகை அரும்புக் கோட்டை" என்றேன். "அப்படியென்றால் தோட்டமும் கோட்டையும் ஒரே பெயரில் வந்துவிட்டதே!" என்றார். பெயர்க் காரணம் அப்படித்தான் சொல்லப்படுகிறது. பழந்தமிழில் 'அருப்பம்' என்றாலே அரண் என்று ஒரு பொருள் உண்டு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நம் ஊர் 'கோட்டைக் கோட்டை' ஆகிவிடும். தமிழாசிரியர்கள் தீர்த்து வைக்கட்டும். என் ஓட்டு மல்லிகைக்கு.

நம் பக்கத்துப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்து உள்ளே அனுப்பியதால் திருச்சுழி என்று தலபுராணம். சுந்தரர் பாடிய தலம், 1879 டிசம்பர் 30ல் ரமண மகரிஷி பிறந்த ஊர். மழைக்கு அண்ணாந்து பார்க்கிற கரிசல் காட்டில் ஊர்ப் பெயர் மட்டும் வெள்ளச் சுழி! இன்னும் கிழக்கே போனால், குண்டாற்றிலிருந்து பிரிந்து கண்மாய்களுக்குப் போகிற ஒரு கால்வாய்க்குச் சேதுபதிகள் காலத்தில் வைத்த பெயர் 'ரகுநாத காவேரி'. இல்லாத ஒன்றைப் பெயரிலாவது வைத்துக்கொள்வோம் என்ற ஏக்கம் என்று இதைச் சிலர் சிரிப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கால்வாயை வெட்டியவர்களுக்கு அதில் வருஷத்தில் எத்தனை நாள் தண்ணீர் ஓடும் என்று நன்றாகவே தெரியும்.

குண்டாறு ஆண்டிபட்டி, வருசநாடு மலைப் பக்கம் பிறந்து, திருமங்கலம், காரியாபட்டி, திருச்சுழி, கமுதி வழியாக வந்து மூக்கையூர் அருகே கடலில் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் ஆறு, மிச்ச நாள் மணல். அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான் இங்கே ராஜாங்கம். ஒரு கண்மாய் நிறைந்ததும் கலுங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள். சரிவு மிகக் குறைந்த நிலம் இது. இதில் மட்டக் கருவி இல்லாமல் கரையும் மடையும் வைத்திருக்கிறார்கள். படிக்கும் தம்பிகள், தங்கைகள் ஒருமுறை லெவலிங் கருவியோடு இரண்டு கண்மாய்க்கு நடுவே நடந்து பார்த்தால் நான் சொல்வது விளங்கும். ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். நாரையே ஒரே மூச்சில் கடக்க முடியாத அகலமாம்.

இனி கோட்டைக்கு வருவோம். 1710ல் மறைந்த கிழவன் சேதுபதி, போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றி, அங்கே கோட்டையும் ராமலிங்க விலாசம் அரண்மனையும் கட்டினார். கீழக்கரை வணிகர் வள்ளல் சீதக்காதி இதற்குத் துணை நின்றார் என்பது வழிவழிச் செய்தி. ஸ்வெட்சிங்கனில் அழகுக்கு மசூதி வைத்தார்கள். இங்கே அரண்மனை கட்டவே ஒரு முஸ்லிம் நண்பர் கை கொடுத்திருக்கிறார். எது பெரிசு என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

ராமலிங்க விலாசத்தைப் பார்க்காதவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ராமேஸ்வரம் போகிற அவசரத்தில் எல்லோரும் அந்த ஊரைத் தாண்டிப் போய்விடுகிறோம். உள்ளே தூண் வரிசை, அதற்குள் அறை, அதற்குள் அறை என்று கோயில் மாதிரியான அமைப்பு. சுவர் முழுக்க ஓவியம். 1725 வரை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ராமாயணம் ஒரு பக்கம், தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை ஒரு பக்கம், தொப்பி போட்ட ஐரோப்பியர்களைச் சேதுபதி சந்திக்கிற காட்சி ஒரு பக்கம். மதுரை நாயக்கர் தம் கையால் சேதுபதிக்கு இரத்தினாபிஷேகம் செய்கிற காட்சியும் உண்டு. ஓவியத்தில் ஆடை மடிப்புக்கும் நகைக்கும் கொடுத்திருக்கிற கவனத்தைப் பார்த்தால், நம் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண் எடுக்க மனசு வராது. மாநிலத் தொல்லியல் துறை பராமரிக்கிறது.

அதே முத்து விஜய ரகுநாத சேதுபதி குண்டாற்றங்கரையில் கட்டியதுதான் கமுதிக் கோட்டை. பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவரின் உதவியோடு கட்டினார் என்று சொல்லப்படுகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1674 முதல் இருந்தார்கள், ஆகவே நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் கோட்டையைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கோட்டைக் கலை என்றால் வோபான் பாணி: நட்சத்திர வடிவம், கூர்மூலைக் கொத்தளம். கமுதியில் அது இல்லை. கோட்டை வளைந்து வட்டமாகப் போகிறது, கொத்தளமும் உருண்டைதான். இதை ஓர் எஞ்சினியராகப் பார்க்கிறேன். ஒரே பரப்பை வளைக்க மிகக் குறைந்த நீளச் சுவர் எது? வட்டம்தான். சதுரமாகக் கட்டினால் சுவர் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு அதிகம் வேண்டும், நட்சத்திரமாகக் கட்டினால் இன்னும் அதிகம். கல்லுக்கும் கூலிக்கும் கணக்குப் பார்க்கிற நாட்டில், வெளிநாட்டுக்காரர் யோசனை சொல்லியிருந்தாலும், முடிவு எடுத்தது நம் கொத்தனாராகத்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இதில் ஒரு விசித்திரம். ஹைடல்பெர்க்கைத் தகர்த்ததும் பிரெஞ்சுக்காரர்கள். அது முடிந்து முப்பது வருஷம் போல ஆவதற்குள் கமுதியில் கட்ட உதவியதாகச் சொல்லப்படுவதும் அதே நாட்டுக்காரர்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். 1772 ஜூனில் ஆற்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தது. இளவயது முத்துராமலிங்க சேதுபதி தாயாரோடு திருச்சியில் சிறை வைக்கப்பட்டார். விடுதலையாகி மறுபடி ஆண்டவரை 1795ல் கம்பெனி மீண்டும் பிடித்தது. 1809ல் சென்னையில் சிறையிலேயே இறந்தார். 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன், வீரபாண்டிய கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் இதே ராமலிங்க விலாசத்தில் பேட்டி கொடுத்தார். கட்டபொம்மன் வந்த வழியில் பாவாலியும் கமுதியும் உண்டு, அதாவது நம் ஊர்ப் பக்கத்துப் புழுதி அவர் குதிரைக் குளம்பில் பட்டிருக்கிறது. 1799 ஏப்ரலில் சித்திரங்குடி மயிலப்பன் தலைமையில் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து மக்கள் எழுந்து கம்பெனிக் கச்சேரிகளைத் தாக்கினார்கள். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிப் புகழில் இந்த எழுச்சி மறைந்துபோனது. மலர் படிக்கும் கமுதி நண்பர்களுக்காகவாவது அதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

1801ல் எல்லாம் அடங்கியது. அந்த வருஷம் டிசம்பர் 1ந் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையக்காரர்களும் மக்களும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகள் இடிக்கப்படும். பாஞ்சாலங்குறிச்சியைத் தரைமட்டமாக்கினார்கள். அந்தக் கோட்டைச் சுவர் மண்சுவர். மண் என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம், பீரங்கிக் குண்டைக் கல் எதிர்த்து உடையும், மண் வாங்கி விழுங்கிக்கொள்ளும். வெள்ளைக்காரத் தளபதிகளைத் திணற வைத்தது அதுதான். நம் தெற்குச் சீமையில் ஏன் பார்க்கத்தக்க கோட்டைகள் அதிகம் இல்லை என்று யாராவது கேட்டால், அந்த அறிக்கையின் தேதியைச் சொல்லுங்கள்.

கமுதிக் கோட்டை அன்றைக்கு அடி வாங்கியதுதான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. நான் போனது ஒரு தை மாதம். கோட்டைமேட்டுப் பக்கம் சீமைக்கருவைக்குள் புகுந்து, சுவர் ஓரம் காலடி வைத்து அளந்துகொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார்.

"என்ன தம்பி, புதையலு தேடுறீகளா?"

"இல்லய்யா, சுவத்தோட கனம் பாக்குறேன். கல்லெல்லாம் எங்கய்யா போச்சு?"

"வெள்ளக்காரன் கொஞ்சம் இடிச்சான், மழ கொஞ்சம் கரைச்சது, மிச்சத்த நாமதான் எடுத்தோம். ஆளில்லாத வீட்டுல கதவ விட்டு வைப்பாகளா?" என்றார். சொல்லும்போது அவருக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஹைடல்பெர்க் ஊர்க்காரர் ஒருவரை 1800ல் கேட்டிருந்தாலும் ஜெர்மன் மொழியில் இதையேதான் சொல்லியிருப்பார்.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வருகிறது. 1810ல் ஹைடல்பெர்க்குக்கு ஓர் ஆசாமி வந்து சேர்ந்தார், கிரைம்பெர்க் பிரபு. அவரும் பிரெஞ்சுக்காரர்! இடிபாடுகளைப் படம் வரைய வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். கல் எடுப்பவர்களோடு மல்லுக்கு நின்றார். யாரும் நியமிக்காத காவலராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார். ஒவ்வொரு மூலையையும் வரைந்தார், வரைய வைத்தார், படங்களை அச்சிட்டு விற்றார். கோட்டை சம்பந்தமான பழம் பொருள், நாணயம், ஓவியம் எல்லாம் சேகரித்தார். அவர் சேகரித்தவைதான் பிறகு அந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு அஸ்திவாரம். படங்களைப் பார்த்து உலகம் வந்தது. உலகம் வந்ததும் ஊர்க்காரர்களுக்குக் கல்லைவிட இடிபாடு லாபம் என்று புரிந்தது.

அடுத்த தலைமுறையில் வேறு சண்டை. முழுவதையும் புதுசாகக் கட்டிவிடலாமே என்று ஒரு கட்சி. ஒரு மாளிகையை 1900ஐ ஒட்டிப் புதுப்பித்தும் விட்டார்கள். கியோர்க் டெஹியோ என்ற கலை வரலாற்றாசிரியர் 1901ல் ஒரு சிறு புத்தகம் எழுதி, போதும், மிச்சத்தைக் காப்பாற்றுங்கள், கட்டாதீர்கள் என்று வாதாடினார். அவர் கட்சி வென்றது. இன்றைக்கு நாம் காணும் பிளந்த கோபுரம் அதனால்தான் பிளந்தபடியே இருக்கிறது.

நம் பக்கம் இரண்டு வழியும் பாதி பாதி. பாஞ்சாலங்குறிச்சியில் 1974ல் அரசு புதுசாக ஒரு நினைவுக் கோட்டை கட்டியது. பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளுக்குக் கட்டபொம்மன் கதை சொல்ல அது வேண்டியதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுவரின் கனம், மண்ணின் கலவை, கொத்தளத்தின் வளைவு இதெல்லாம் புதுக் கட்டடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கமுதியில் புதுசாக ஒன்றும் கட்டவில்லை. பழசு இன்னும் கொஞ்சம் நிற்கிறது. அதனால்தான் அது எனக்கு உசத்தி.

நிர்வாக எல்லைகளும் சேர்ந்துகொண்டன. 1985ல் மாவட்டத்தைப் பிரித்தபோது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர்ப் பக்கம் வந்துவிட்டன, கமுதி ராமநாதபுரத்தோடு நின்றது. ஆறு ஒன்று, ஜில்லா இரண்டு. கண்மாய்களுக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. 1803ல் மங்களேஸ்வரி நாச்சியார் காலத்தில் ராமநாதபுரம் ஜமீனாக மாறியது. 1948ம் வருஷச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தபோது கண்மாய்கள் அரசாங்கத்துக்கு வந்தன. அவற்றைப் பொதுப்பணித் துறைக்காரர்கள் 'எக்ஸ் ஜமீன் கண்மாய்' என்றே எழுதினார்கள். குடிமராமத்துக்கு வெட்டுக்கூடையோடு வந்த ஊர்க்காரர், அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுக்குப் போனார். கோட்டைக்கு ஆனது கொஞ்சம் கொஞ்சமாகக் கண்மாய்க்கும் ஆகத் தொடங்கியது. காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். நிஜக் காவேரியே குண்டாற்றுக்கு வரும் நாள் வந்தால் நல்லதுதான். வந்த தண்ணீரை வாங்கிக்கொள்ள ரகுநாத காவேரியும் வரத்துக் கால்களும் தூர் இல்லாமல் இருக்க வேண்டும். குழாய் எத்தனை பெரிசாக இருந்தாலும் தொட்டி ஓட்டை என்றால் பம்ப் என்ன செய்யும்?

படிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். சிவில் பிரிவில் சர்வே பயிற்சிக்கு வருஷா வருஷம் எங்கேயாவது போகத்தானே செய்கிறீர்கள்? ஒரு வருஷம் கமுதிக்குப் போங்கள். உரிய அனுமதி வாங்கிக்கொண்டு கோட்டையை அளந்து ஒரு வரைபடம் போடுங்கள்: நிற்கிற சுவர் எவ்வளவு, விழுந்தது எவ்வளவு, கொத்தளம் எத்தனை, ஆற்று மட்டத்திலிருந்து அடித்தளம் எவ்வளவு உயரம். இரண்டு நாள் வேலை. நான் காலடி வைத்து எடுத்த கணக்கைத் தருகிறேன். அதைத் தப்பு என்று நிரூபித்தால் சாப்பாட்டுச் செலவு என்னுடையது.

மூத்தவர்களுக்கும் வேலை உண்டு. கமுதி, அபிராமம், முதுகுளத்தூர், பரளச்சிப் பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பரணில், கோட்டையோ கண்மாய்க் கரையோ பின்னால் தெரிகிற மாதிரி கல்யாணப் போட்டோ, பள்ளிக்கூடப் போட்டோ ஏதாவது கிடக்கும். அதில் ஒரு நகல் எடுத்து நம் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். பின்பக்கம் வருஷத்தையும் இடத்தையும் எழுதுங்கள். பென்சிலில் எழுதுவது நல்லது, பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.